நழுவிய கண்ணி

எங்கள் ஊர் வெயிலில் கம்பளிச் சட்டையை யார் வாங்குவார்கள்? பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறின. அவர்கள் விட்டுப்போன கட்டில், அலமாரி, பீங்கான் தட்டு எல்லாம் உடனே விலை போயின. கம்பளித் துணிகள் மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பழைய சாமான் விற்கிறவர் அவற்றைத் தரையில் கொட்டி வைத்து, "குடுக்கறதக் குடுத்துட்டு எடுத்துனு போங்க, பூச்சி புடிக்கிது" என்று கத்துவார். அந்தக் குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்து புரட்டிய ஆள் நான் ஒருவன்தான். தெரிந்தவர் யாராவது வந்தால், பக்கத்தில் கிடக்கும் பழைய பூட்டுகளைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வேன்.

எனக்குப் பின்னத் தெரியும். இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு குல்லா, காலுறை, கழுத்துக்குச் சுற்றும் துணி எல்லாம் பின்னுவேன். இந்த ஒரு வரியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் நாலாவது வரை படித்தவன், அதிகம் பேசாதவன். மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை, அவளாகவே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மில்லில் நூல் நூற்கும் பகுதியில் எனக்கு வேலை. ஓடுகிற இயந்திரத்தில் அறுந்துபோகும் இழையை எட்டிப் பிடித்து ஒட்ட வேண்டும். அறுந்ததை மனம் அறிவதற்குள் கை போய்விட வேண்டும். அப்படிப் பழகாதவன் அங்கே நிலைக்க மாட்டான். ஒரு தடவை காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். எங்களைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரிகளை மாசேர் என்று கூப்பிடுவோம். அவர்களில் ஒருவர் மத்தியானத்தில் மூலையில் உட்கார்ந்து பின்னுவார். நான் வேறு வேலையில்லாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் மீந்த நூலையும் இரண்டு ஊசிகளையும் என் படுக்கையில் போட்டுவிட்டுப் போனார். கால் சரியாகி வீட்டுக்கு வந்தபோது அவையும் என்னோடு வந்தன.

பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பதிலேயே பாதிச் சுகம் இருக்கிறது. முடிச்சைக் கண்டுபிடித்து ஒரு முனையை இழுத்தால், வரிசை வரிசையாகத் தானே அவிழ்ந்து வரும். வருகிற நூல் இடியாப்பம் போல நெளிநெளியாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, வெந்நீரில் நனைத்து, கொடியில் மாட்டி, அடியில் ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிடுவேன். ஈரம் காயக் காய நெளிவு விட்டுப்போகும். மில்லில் நாள் முழுவதும் காது அடைக்க, அறுந்து அறுந்து என்னை ஓட வைத்த நூல், வீட்டில் என் மடியில் ஒரு சத்தமும் இல்லாமல் நான் சொன்னபடி கேட்கும். அந்த நேரத்தில் சோறு தண்ணீர்கூட வேண்டாம் எனக்கு.

கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுவேன். பின்னியதை மனைவி எடுத்துப்போய், பிள்ளை பெற்ற வீடுகளில் கொடுத்துவிட்டு வருவாள். மார்கழிப் பனியில் எங்கள் சந்தில் எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் தலையில் என் குல்லா இருக்கும். "ஒங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்க்கா" என்று பெண்கள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். முதலில் அவள் சங்கடப்பட்டாள். பிறகு, "அதுல என்னாம்மா இருக்குது, பொழுது போவாட்டி போடுறதுதான்" என்று சொல்லப் பழகிவிட்டாள். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கி இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஒரு நல்ல இடம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பையன். அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். விடுமுறையில் வந்திருந்தான், கல்யாணம் முடிந்ததும் பெண்ணைப் பிரான்சுக்கு அழைத்துப்போவான் என்றார்கள். கருவடிக்குப்பத்தில் தனியாக இருந்த அவனுடைய தாயார்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். இதுவும் தட்டிப்போனால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும் என்று மனைவி பயந்தாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் கைவேலையைக் கேட்பது வழக்கம். எங்கள் சந்தில் அதற்கென்றே ஒரு கிளி இருந்தது. பச்சை மணி கோத்துச் செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டது. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அந்தக் கிளி அந்த வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

மாப்பிள்ளையின் தாயார் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"இந்தக் கிளிய நான் இதே சந்துல வேற வூட்ல பாத்தேனே. பறந்து வந்துச்சா?"

கூட வந்திருந்த அவருடைய தம்பிக்கு, அதாவது பையனின் தாய்மாமனுக்கு, சிரித்ததில் காபி புரையேறியது. மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. சமாளிக்க வேண்டுமே என்று, பெட்டியைத் திறந்து நான் பின்னி வைத்திருந்த நீல ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். "அது சும்மா அழகுக்கு மாட்டுனதுங்க. இதுதான் எம்பொண்ணு அவ கையால பின்னுனது."

அந்த அம்மா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். தோள் சேருகிற இடத்தை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அங்க ஐஸ் கொட்டுமாம். பின்னத் தெரிஞ்ச பொண்ணுன்னா எம்புள்ளைக்கு ஒரு கவல வுட்டுது. எங்க, ஊசிய எடுத்தாந்து ரெண்டு வரிசை போடும்மா, பாப்போம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னல் வராது, ஆசையும் கிடையாது. ஆனாலும் எழுந்து போய், நான் பாதியில் விட்டிருந்த வேலையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னுவதை எத்தனையோ நாள் பார்த்தவள்தான். அந்த நினைவில் எப்படியோ நூலை வளைத்து நாலு கண்ணி போட்டுவிட்டாள். அடுத்தது ஊசியிலிருந்து நழுவியது. நழுவிய கண்ணி நிற்காது. ஒரு வரிசை, இன்னொரு வரிசை என்று ஏணிப்படி போலக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அது இறங்குவது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. மில்லில் இழை அறுந்தால் போவது போலக் கை போய்விட்டது. மகளின் கையிலிருந்து ஊசிகளை வாங்கி, ஓடிய கண்ணியை அடியில் பிடித்து, படிப்படியாக மேலே ஏற்றி, ஊசியில் மாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வரிசையையும் முடித்துவிட்டு, திருப்பிப் பிடித்து அடுத்த வரிசைக்கும் ஊசியை நுழைத்தேன். கூடத்தில் பேச்சே இல்லை என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்கா, பொண்ணு வேணாம். மாமனாரையே மாப்ளையோட கப்பல் ஏத்திடு."

கதவோரம் நின்ற எங்கள் சந்துப் பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நான் ஊசியைக் கீழே வைக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையின் தாயார் சிரிக்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அந்த இடமும் தட்டிப்போனதற்குத் தரகர் வந்து சொன்ன காரணம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. "பொண்ண அந்தம்மா ஒரு கொறையும் சொல்லல. கிளி, ஸ்வெட்டரு இதெல்லாம் எல்லா வூட்லயும் நடக்கறதுதான்னாங்க. புள்ள கண்காணாத தேசத்துக்குப் போயிடுவான், நான் ஒத்தப் பொம்பள, நாளைக்கி ஒண்ணுன்னா சம்பந்தி வூட்ல ஆம்பளன்னு ஒருத்தர் நிக்க வேணாமான்னு கேட்டாங்க."

மில்லுக்கும் செய்தி போய்விட்டது. "அண்ணே, ஜடை பின்ன வருமாண்ணே? எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதுன்னு அழுவுது" என்றான் ஒருவன். மீனவக் குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிற இன்னொருவன், "ஆம்பள பின்னுனா வலை பின்னணும். வாண்ணே, கத்துத் தரேன்" என்றான். நானும் சிரித்துவைத்தேன். மகள் என்னைத் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கி அத உள்ள எடுத்து வெச்சிடுப்பா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எடுத்து வைத்தேன். வைத்த பிறகு மாலை நேரங்களில் என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரும் வீட்டில் இல்லாத நாளில் எடுத்து இரண்டு வரிசை போட்டுவிட்டுப் பழையபடி வைத்துவிடுவேன். பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பிறகும் விட முடியவில்லையே என்று என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் வரவில்லை. போன ஆவணியில் மூலக்குளத்திலிருந்து ஓர் இடம் வந்தது. விவசாயக் குடும்பம், பையன் பஸ் கண்டக்டர். அவர்கள் வருகிற அன்று மத்தியானம் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்களேன். ஷிப்ட்டுன்னு சொல்லிக்கிறோம். ஒங்க கை சும்மா இருக்காது."

சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன். பெற்ற பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். அப்பன் கல்லில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆசாமி என்றால் நான்தான் ஆசாமி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இல்லாதபோது நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். பையனின் தாயார் வழக்கம்போல, "என்ன கைவேலை தெரியும்மா?" என்று கேட்டிருக்கிறார். மகள் தலையை நிமிர்த்தி, "எனக்கு ஒண்ணும் வராதுங்க. எங்கப்பா நல்லா பின்னுவாரு" என்றிருக்கிறாள். மனைவி பதறிப்போய், "அவுரு ஷிப்ட்டுக்குப் போயிருக்காருங்க" என்று பேச்சை மாற்றப் பார்த்திருக்கிறாள். மகள் விடவில்லை. "ஷிப்ட்டு இல்லம்மா. நாமதான் வெளிய அனுப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டாளாம். பையனின் தகப்பனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்பா வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

இது எதுவும் தெரியாமல், போயிருப்பார்கள் என்று எண்ணி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினேன். சந்து முனையில் வண்டி நின்றிருந்தது. அப்படியே திரும்பிவிடப் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மா கண்டுகொண்டு, "எங்க போற? உள்ள ஒன்னத்தான் கேட்டுனு கீறாங்க" என்று சந்து முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டுவிட்டார்.

உள்ளே போய் வாசற்படியோரமாகவே நின்றேன்.

"உக்காருங்க சம்பந்தி. ஒங்க வூட்ல நீங்களே நின்னா எப்டி?" என்றார் பையனின் தகப்பனார். வெயிலில் கறுத்த, பெரிய மீசைக்காரர். "ஒங்க பொண்ணு எல்லாத்தயும் சொல்லிடுச்சி."

மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஊர் சிரித்த விஷயத்தை அவள் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"பேரப்புள்ள பொறந்தா குல்லா கடையில வாங்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவன் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நல்லா வெச்சிக்குங்க என்று சொல்லலாம்; எங்களுக்கு ஒரே பொண்ணு என்று சொல்லலாம். என் வாயில் வந்தது வேறு.

"என்ன கலர்லங்க?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னும் தட்டே மாத்தல, அதுக்குள்ள கலரக் கேக்குறாரு பாருங்க!" என் காது மடல்கள் கொதித்தன.

மீசைக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெள்ள வேணாம். அழுக்கு தெரியும்."

நிமிர முடியாமல், தலையை மட்டும் ஆட்டினேன்.