வெப்பப் பம்பும் நிறைகுடமும்

"நீயோ? சோடாப் போத்தில் மூடி திறக்கிறதுக்கே என்னைக் கூப்பிடுறனி. நீ போய் ஆக்களின்ரை வீட்டைச் சூடாக்கப் போறியோ?"

வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவி பொருத்துகிற தொழிலில் 'லேர' செய்யப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று மாமா கேட்டது இது. லேர என்றால் கிழமையில் சில நாள் வேலைத்தளத்திலும் மீதி நாள் வகுப்பிலுமாகப் படிக்கிற தொழிற்படிப்பு. மாமா அம்மாவின் அண்ணன். சூரிச்சில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாருக்கும் படிப்பை முடிக்க வாய்க்கவில்லை. ஆகவே நான் முடிப்பேன் என்றும், முடித்துவிட்டு வங்கியில் கண்ணாடி அறைக்குள் உட்காருவேன் என்றும் எல்லாரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். நானோ குறடும் குழாயுமாக வந்து நின்றேன்.

"படிக்கிற பிள்ளை எண்டு பாத்தா, பைப் தூக்குது" என்றார் மாமா.

நான் படித்து முடித்துச் சான்றிதழ் வந்த அன்று, அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதைக் கொழுவினா. அன்றிலிருந்து பிள்ளையாருக்கும் எனக்கும் ஒரே ஊதுபத்திதான்.

பிறகு மாமா சூரிச்சுக்குப் பக்கத்தில் ஊஸ்டரில் ஒரு பழைய வீடு வாங்கினார். நிலவறையில் எண்ணெயில் எரிகிற ஒரு கிழட்டுக் கொதிகலன். அதைக் கழற்றிவிட்டு வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கிற வெப்பப் பம்பு வைக்கிற வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. குழாய் வேலைகளை எல்லாருமாகச் செய்து முடித்தோம். குழாய்களில் தண்ணீர் நிரப்புகிற கடைசி வேலையை எங்கள் முதலாளி, நாங்கள் 'செஃப்' என்று கூப்பிடுகிறவர், என்னிடம் தனியாக ஒப்படைத்தார். மாமா அவருக்குத் தொலைபேசி எடுத்து, வேறு ஆள் இல்லையா என்று கேட்டாராம். "இவள் நிரப்பினால் நான் திரும்பப் போய்ப் பார்க்கத் தேவையில்லை" என்று செஃப் சொல்லிவிட்டார்.

தை மாதம். வெளியே பனி. அடுத்த நாள் காலை புதுவீட்டுக் குடிபூரல். மாமி நாள் பார்த்து, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பம்பைத் தயாரித்த நிறுவனத்தின் ஆள் பின்னேரம் வந்து அதை இயக்கிவைக்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டுக் கசிந்தாலும் தொடமாட்டார். தன் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய் அடுத்த கிழமைதான் வருவார். அப்படி நடந்தால் விருந்தாளிகள் தடித்த கோட்டோடு நின்று பால் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டியதுதான். சோடாப் போத்தில் கதையும் என் கலியாணம் வரைக்கும் ஓடும்.

காலையிலேயே தொடங்கினேன். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரை வடிகட்டிக்குள் விட்டு, உப்பும் சுண்ணாம்பும் நீக்கி, மெதுவாகக் குழாய்களுக்குள் ஏற்ற வேண்டும். பிறகு அறை அறையாகப் போய், சுவரில் உள்ள ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சின்னச் சாவியைத் திருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

"என்ன பிள்ளை, பாம்பு மாதிரிச் சீறுது?" மாமி வாசலிலேயே நின்றுகொண்டா.

"காத்து மாமி. போகட்டும்."

முடித்துவிட்டு நிலவறைக்கு வந்தபோது அழுத்தமானியின் முள் சரியாக ஒன்றரையில் நின்றது. எனக்கு அது அழகான காட்சி. மாமா குனிந்து பார்த்தார்.

"நாலு வரைக்கும் போட்டிருக்கு. இது அரைவாசிக்கும் வரேல்லையே?"

"அது காணும் மாமா, அவ்வளவுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தில் நிற்கிற பம்பின் வெளிப்பெட்டியைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் மாமி ஏற்கெனவே மாவிலையும் தேங்காயுமாக ஒரு நிறைகுடம் வைத்திருந்தா. அதைச் சுற்றிப் போய்த்தான் இணைப்புகளைத் தடவிப் பார்த்தேன்.

"பிள்ளை! ஓடி வா! வெடிக்கப் போகுது!"

மாமாவின் குரல். ஓடிப்போனபோது நிலவறையில், அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கிற பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் கீழே நான் வைத்திருந்த வாளியை மாமி வாசல் கழுவ எடுத்துப் போயிருந்தா. மாமா நனைந்த காலுறையோடு நின்று, ஒரு பளபளத்த பானையில் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ! அது பால் காச்சுற புதுப்பானை!" பின்னால் வந்த மாமி அலறினா.

"தண்ணி நிரப்புற டாப்பைத் தொட்டனீங்களோ மாமா?"

"நாளைக்குக் குடிபூரல். அரிசி, உப்பு எல்லாம் வாய் வரைக்கும் நிரப்பி வைச்சிருக்கு. இது மட்டும் குறைகுடமாக் கிடந்தது. நிறைச்சு விட்டன்."

டாப்பை மூடினேன். மேலதிகத் தண்ணீரை வடித்து விட்டேன். முள் இறங்கி ஒன்றரைக்கு வந்தது. ஆனால் வால்வு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. திறந்த வேகத்தில் ஏதோ தூசு அதன் வாயில் சிக்கியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வால்வின் சிவப்பு மூடியைத் திருகி, தண்ணீரை வேகமாகப் பாயவிட்டு மூடினேன். சொட்டியது. இன்னொரு முறை பாயவிட்டு மூடினேன். மூவரும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிரஷர் குக்கரிலை பருப்பை வாய் வரைக்கும் நிரப்புவீங்களோ மாமா?"

"விசரே? பொங்க இடம் விடவேணும்."

"இதுவும் அப்பிடித்தான். சூடேறினால் தண்ணி பெருகும்."

மாமா பானையைக் கீழே வைத்தார். "அதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். வால்வு சொட்டவில்லை.

பம்பு நிறுவனத்திலிருந்து வந்த ஆள் நனைந்த தரையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். "நாளைக்கு விழா. எங்கடை வழக்கம்" என்று மாமா கொஞ்சமும் தயங்காமல் ஜெர்மனில் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ஈரத்தைத் தாண்டிப் போய் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தார். தண்ணீரைச் சோதித்தார். யார் நிரப்பியது என்று கேட்டார்.

"என்ரை மருமகள்." எனக்கு முன்னால் மாமா சொல்லிவிட்டார்.

பம்பு ஓடத் தொடங்கியது. தோட்டத்தில் விசிறி சுழல, நிறைகுடத்து மாவிலை நடுங்கியது. மாமி ஓடிப்போய்க் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தா.

மறுநாள் நன்றாகத் தேய்த்துக் கழுவிய அதே பானையில் பால் பொங்கியது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், சிலர் ஸ்வெட்டரையும். மாமா அவர்களைக் கூட்டம் கூட்டமாக நிலவறைக்கு அழைத்துப் போய், முள்ளில் விரல் வைத்து விளக்கினார்: "இதிலைதான் நிக்கவேணும். பொங்க இடம் விடவேணும் கண்டியளோ." கண்டுபிடித்ததே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

"ஆர் அண்ணை பொருத்தினது?" வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"எங்கடை பிள்ளைதான்."

நான் சோடாப் போத்திலை நீட்டினேன். "மாமா, இதைத் திறந்து தாங்கோ."

சிரித்துக்கொண்டே திறந்தார். "சரி, இனி என்ன? ஆயுளுக்கும் பைப் தூக்கிறதோ?"

கேட்பார் என்று தெரியும். வேலைத்தளத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்கான மேற்படிப்புக்குப் போன கிழமையே பெயர் பதிந்துவிட்டேன். வீட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆணியும் அடித்தாயிற்று. இந்த முறை நானே துளைபோட்டு அடித்தேன்.