திரும்பி வராத ஒன்பது கவர்கள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு கவரை எடைபோட்டது. செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. சாப்பாட்டு மேசைமேல் பழைய பித்தளைத் தராசு. ஒரு தட்டில் அம்மாவின் புதிய கதை, மறுதட்டில் படிக்கற்கள். நான் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா எழுதிக்கொள்வாள்.

"நூற்றிப் பதினெட்டு கிராம்."

"உள்ள வைக்கிற கவரையும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

"முள்ளு நின்னுதா, ஆடுதா?"

"நின்னாச்சும்மா."

உள்ளே வைக்கிற கவர் என்பது, கதை பிடிக்காவிட்டால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்புவதற்காக நம் முகவரி எழுதித் தபால் தலை ஒட்டி வைப்பது. இப்போது யாரும் கதையைத் திருப்பி அனுப்புவதில்லை. அதைச் சொன்னேன்.

"அனுப்பாட்டா போட்டு. வழி இருக்கட்டு."

வெளிக்கவருக்குத் தலை சரியாக இருந்தது. உள்கவருக்கு ஒன்று குறைந்தது. நான் செருப்பைத் தேடினேன். "நீ போவாண்டாம் மக்ளே. நாளைக்கு நானே போயி வாங்கிட்டு வாரேன்" என்றாள்.

மறுநாள் விடியுமுன் இறந்துபோனாள். தூக்கத்தில். வலி இருந்திருக்காது என்றார் டாக்டர். நான் அதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

எடை, அளவுக் கருவிகளைச் சோதிப்பது என் தொழில். எழுத்து எனக்கு வராது. ஆனால் தாசம்மாள் என்கிற என் அம்மா எழுத்தாளரான கதையை அவளிடமிருந்து முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். எழுதி வைக்கிறேன்.

அம்மா திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்தது 1948இல். வீடு பாளையத்துக்குப் பின்னால். அவள் அப்பா, என் தாத்தா அருமைநாயகம், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சொந்த ஊர் தெற்கே தக்கலைப் பக்கம். மருந்தை அளந்து அளந்து, பேச்சையும் அளந்துதான் பேசுவார். தேர்வு முடிவு வந்த அன்று மகளைக் கூப்பிட்டார்.

"இனி என்ன?"

"கதை எழுதப் போறேன்."

"அது சரி. ஜோலி என்ன?"

"அதுதான் ஜோலி."

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுறதுதான் எழுதுற, மலையாளத்துல எழுதப்பிடாதா? பத்திரிகை ஆபீஸ் நடந்து போற தூரம். தமிழுக்கு மெட்ராஸ் வரைக்கும் போவணும்."

"எனக்குச் சண்டை போட வாறது தமிழ்லதாம்ப்பா."

"அது எனக்குந் தெரியும்."

இரண்டு வருஷம் தருவதாகச் சொன்னார். அதற்குள் ஒரு கதையாவது அச்சில் வர வேண்டும். வராவிட்டால் 1950 ஜூன் முதல் தேதி பொன்முடித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். தோட்டத்துத் துரையிடம் தாத்தாவுக்குப் பழக்கம் உண்டு. அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியை. வாரத்துக்கு இரண்டு பஸ். அப்போது அங்கிருந்த ஆசிரியை ரோஸை அம்மாவுக்குத் தெரியும். கல்லூரியில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவள், தோட்டத்துக்குப் போன மூன்று வருஷத்தில் கடிதம்கூட எழுதுவதில்லை. போனால் தனக்கும் எழுத்து நின்றுவிடும் என்று அம்மா நம்பினாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். இரண்டு வருஷம் நீளமாகத் தெரிந்தது.

சென்னையில் ஒரு மாதப் பத்திரிகை. கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு இருக்கும்: முடிவு எதுவானாலும் தெரிவிக்கப்படும், தபால் தலை ஒட்டிய சுயவிலாசக் கவர் இணைக்கவும். அம்மா இணைத்தாள். எடைபோட்டுத் தந்தவர் தாத்தா. எழுத்தை அவர் நம்பவில்லை. ஆனால் எடை தவறுவதை அவரால் பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த பித்தளைத் தராசை மேசையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, காற்று அடங்கும்வரை காத்திருந்து எடைபோடுவார். "மூணேகால் தோலா. எழுதிக்கோ."

அந்தக் காலத்தில் இந்த ஊரில் இரண்டு தபால் ஏற்பாடுகள் இருந்தன. திருவிதாங்கூர் அரசு தனக்கென்று நடத்தியது ஒன்று. அதற்கு அஞ்சல் என்று பெயர், அதற்குத் தனி ஆபீஸ், மகாராஜா படம் போட்ட தனித் தலை. இன்னொன்று இந்தியத் தபால். ஊருக்குள், சமஸ்தானத்துக்குள் என்றால் அஞ்சல். சென்னைக்கு என்றால் இந்தியத் தபால். இது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் தெரியும். ஆகவே வெளிக்கவரில் இந்தியத் தலை ஒட்டினார்கள்.

உள்கவர்? அது எங்கே வரப்போகிறது? திருவனந்தபுரத்துக்கு. அப்படியானால் அஞ்சல் தலை.

இருவரும் யோசித்துத்தான் ஒட்டினார்கள். திருவிதாங்கூர்த் தலை சென்னையில் வெறும் காகிதம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. கணக்கில் எப்போதும் இப்படித்தான். முதல் வரியில் பிழை இருந்தால், மிச்சத்தை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிழையே மிஞ்சும்.

முதல் கதை போனது. பதில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. 1949 முடியும்போது ஏழு கதைகள் போயிருந்தன. திருப்பிக்கூட அனுப்பவில்லை. அதுதான் அம்மாவைத் தின்றது. "வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதப்பிடாதா? அதுக்குக்கூட லாயக்கில்லையா?" என்பாள். தாத்தா ஜன்னலைச் சாத்துவார். அடுத்த கவரை வாங்கி எடைபோடுவார். ஒன்பதாவது கதை 1950 மார்ச்சில் போனது. ஏப்ரலில் தாத்தா சாலைக்கடையில் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார். பச்சை நிறம். அறை மூலையில் வைத்தார்.

மே மாதம் மங்கலம் வந்தாள். கரமனை அக்கிரகாரத்துப் பெண், கல்லூரியில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை. கல்யாணமாகிச் சென்னை போனவள், பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பெட்டியைப் பார்த்தாள்.

"யாருக்குடி இது? கல்யாணமா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"பொன்முடிக்கு."

"அட்டைகிட்டக் கடி வாங்கவா போறே? கதை எழுதறேன்னியே, தாசு?"

"எழுதுனேன். ஒம்பது. ஒரு பதிலும் இல்ல."

மங்கலத்துக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினாள். "பதில்னதும் ஞாபகம் வரது. எங்கம்மா கூத்தைக் கேளு. நான் லெட்டரே போடறதில்லைன்னு அவளுக்குக் குறை. ஒரு டஜன் கவர்ல அட்ரஸ் எழுதி, அஞ்சல் தலை ஒட்டி அனுப்பிச்சுட்டா! நானும் அசடு மாதிரி எடுத்துண்டு போறேன். மயிலாப்பூர் போஸ்டாபீஸ்ல அந்த ஆள் சிரிச்ச சிரிப்பு இருக்கே... இது யாரும்மா, உங்க தாத்தாவாங்கறான். மகாராஜாடா, படுபாவி! செல்லாதாம். தூக்கி எங்கிட்டயே போட்டுட்டான்."

அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் மேலேயும் டவரா கீழேயும் அப்படியே நின்றன.

"செல்லாதா?"

"எப்படிச் செல்லும்? அது இங்கத்திய தலைன்னா. ஏண்டி, என்ன ஆச்சு? காப்பி கொட்டறது பாரு."

மங்கலம் போனபின் அம்மா தாத்தாவிடம் சொன்னாள். தாத்தா தராசைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நாந்தான் ஒட்டச் சொன்னேன்" என்றார். அது உண்மையில்லை. இருவரும் சேர்ந்துதான் முடிவுசெய்தார்கள். ஆனால் அம்மா மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அன்றே இந்தியத் தபாலாபீசுக்குத் தாத்தாவே நடந்து போனார். பெரிய கவர் ஒன்று, இந்தியத் தலைகள். அம்மா பத்திரிகை ஆசிரியருக்கு எட்டு வரி எழுதினாள். தலை விஷயத்தைச் சொல்லி, கதைகள் இன்னும் இருந்தால் திருப்பித் தரும்படி கேட்டிருந்தாள். மே பதினேழாம் தேதி அனுப்பினார்கள். பொன்முடி பஸ் முப்பத்தொன்றாம் தேதி.

"பதில் வாறது வரைக்கும் பெட்டியக் கெட்டாண்டாம்" என்றார் தாத்தா. "ஆனா வாக்கு வாக்குதான். துரைகிட்ட ஒண்ணாந்தேதின்னு சொல்லியாச்சு."

இருபத்தைந்து, இருபத்தாறு. தபால்காரர் தங்கப்பன் வாசலைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டுவார். இருபத்தொன்பதாம் தேதி அம்மா பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்கத் தொடங்கினாள். முப்பதாம் தேதி காலை, கம்பளிக்கு மேல் இரண்டு நோட்டுகளை வைப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே தங்கப்பனின் சைக்கிள் மணி. "ஸாரே! மதராஸிலேந்து ஒரு வலிய கெட்டு வந்நிருக்கு! என்னதாக்கும் இது, அரிசியோ?"

அந்தப் பெரிய கட்டுக்குள் ஒன்பது கதைகளும் அவற்றின் உள்கவர்களோடு இருந்தன. மேலே ஒரு கடிதம். எழுதியவர் உதவி ஆசிரியர், வெங்கடசுப்ரமணியன் என்று கையெழுத்து. அவர் கதைகளை வந்த உடனேயே படித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் எதை மாற்றலாம் என்று குறிப்பு எழுதி, அம்மாவின் கவரிலேயே போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார். தபாலாபீஸ் கவுண்டரில் செல்லாது என்று தள்ளியதை, பத்திரிகையின் அனுப்பும் பிரிவில் இருந்தவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இழுப்பறையில் போட்டுவந்திருக்கிறார். வெங்கடசுப்ரமணியனுக்கு அது தெரியாது. அம்மாவின் கடிதம் வந்த பிறகுதான் இழுப்பறை திறந்தது.

"இத்தனை குறிப்பு எழுதியும் ஒன்றுக்கும் பதில் போடாமல் புதுக்கதைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாரே, திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இத்தனை கர்வமா என்று நினைத்தேன். மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

குறிப்புகள் எட்டுக் கதைகளில் இருந்தன. ஒன்பதாவதில் ஒன்றும் இல்லை. கடிதத்தின் கடைசி வரி அதைப் பற்றித்தான்: இதில் கைவைக்க ஒன்றுமில்லை, அச்சுக்கு நகல் எடுத்துக்கொண்டோம், ஜூலை இதழில் வருகிறது, மற்றவற்றைத் திருத்தி மாதம் ஒன்றாக அனுப்பவும்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லையாம். இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த குடத்தை இறக்கினால் கை தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது என்றாள்.

தாத்தா குறிப்புகளை ஒவ்வொன்றாக, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தார். "நாலாவது கதையில கடைசிப் பக்கம் வேண்டாங்காரு. சரிதான். எனக்கும் அது நீளமாத்தான் பட்டுது."

அம்மா நிமிர்ந்தாள். "நீங்க படிச்சியளா?"

"எடை போடணும்லா" என்றார். அவ்வளவுதான். மகள் வரவில்லை என்று துரைக்குத் தந்தி கொடுக்கக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூலையில் கதை வந்தது. எட்டில் ஆறு அச்சேறின. மறுவருஷம் ஏப்ரலில் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்துவிட்டது. "ஒரு வருஷம் பொறுத்திருந்தா எல்லாம் தன்னால சரியாயிருக்கும்" என்றாளாம் அம்மா. "பொன்முடியில இருந்து பொறுத்திருப்ப" என்றாராம் தாத்தா. 1953இல் முதல் புத்தகம். அடுத்த வருஷம் கல்யாணம், அதற்கடுத்த வருஷம் நான். 1956 நவம்பரில் எங்கள் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது, உறவுக்காரர்கள் அம்மாவை அங்கே வந்துவிடச் சொன்னார்கள். இங்கேயே இருந்தாள். அப்போது மாதம் இரண்டு பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து வருமானத்தில் வாங்கிய மேசைமேல் தாத்தாவின் தராசு வந்து உட்கார்ந்தது. பச்சைப் பெட்டியில் கையெழுத்துப் பிரதிகள். ஒன்பது கதைகளும் அந்த ஒன்பது பழைய உள்கவர்களோடு இன்னும் அதில் இருக்கின்றன. மகாராஜா அப்படியே இருக்கிறார், முத்திரை விழாமல்.

நேற்று தராசைச் சோதித்தேன். ஐம்பது கிராமுக்குக் கால் கிராம் குறைகிறது. தபாலுக்குப் போதும்.

சமையலறை நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அம்மாவின் எழுத்து. காப்பிப்பொடி, அடித்திருக்கிறது. கண் சொட்டு மருந்து, அடித்திருக்கிறது. மூன்றாவது வரி, தபால் தலை ஒன்று. அடிக்கவில்லை.