டாலரன்ஸுக்குள் இருந்த கட்டி

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் பெரியதம்பி அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துப் பழைய பனியன் துணியால் துடைப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டுத் தங்கை வினிதாவை உட்கார வைப்பார். அவள் தலையைச் சாய்த்துக் காட்ட, கழுத்தின் இடப்பக்கம் புடைத்திருக்கும் கட்டியின் மேல் கருவியின் இரண்டு அலகுகளையும் மெல்லப் பொருத்துவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படிப்பார்.

“என்னண்ணா, பாஸா ரிஜெக்டா?”

“போன வாரத்துக்கு ஒரு மில்லிதான் கூட. டாலரன்ஸுக்குள்ளதான் இருக்குது பாப்பா.”

தேதியும் அளவும் கோடு போட்ட நோட்டில் ஏறும்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பத்தாவதோடு ஓசூருக்கு வந்தவர். சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக இன்ஸ்பெக்ஷன் வேலை. அவர் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைவிடப் பெரிய பெருமை வினிதா. புதிதாக யாரைப் பார்த்தாலும் மூன்றாவது வாக்கியத்திலேயே, “எங்க பாப்பா டிப்ளமோங்க. பெங்களூர் கம்பெனியில செலக்ட் ஆயிருக்குது, ஆர்டர் வரணும்” என்று வந்துவிடும்.

கட்டிக்குக் காரணத்தையும் முறைப்படிதான் தேடினார். மருந்துக்கடைக்காரர், சளி பிடித்தால் நெறி கட்டும் என்று மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரச் சரசம்மா, “நோடப்பா, கடவாப்பல்லு சொத்தையானா அங்கதான் கட்டும்” என்றாள். கூட வேலை செய்யும் சுபாஷ் தைராய்டு என்றான். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டார். சளி தீர்ந்ததும் ஒன்றை அடித்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் இன்னொன்றை. வலி இல்லை, அளவும் பெரிதாக மாறவில்லை என்பதால் மூன்றாவதற்கு அவசரப்படவில்லை. சாயங்காலமானால் அவளுக்கு உடம்பு காய்ந்தது. சுடிதார் தொளதொளத்தது. அவற்றுக்கு நோட்டில் கட்டம் இல்லை.

பதினைந்தாவது வாரம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டியபோது பெரியதம்பி பாராட்டை எதிர்பார்த்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“முதல் வாரம் பன்னெண்டு. இப்ப இருபத்தாறு. போன வாரத்தோடயே ஒப்பிட்டுட்டு இருந்தா எப்படிங்க? மூணு வாரத்துல கரையலன்னா வந்திருக்கணும்.”

கம்பெனியில் கியரின் அளவு இப்படி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், டாலரன்ஸ் எல்லைக்குள் இருந்தாலும் மெஷினை நிறுத்தச் சொல்பவர் அவர்தான். இந்த நோட்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் பார்க்க ஒருமுறைகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஊசி குத்தி எடுத்த சோதனையில், கழுத்து நிணநீர்க் கணுவில் காசநோய் என்று வந்தது. ஆறு மாத மாத்திரையில் தீரும் என்றார்கள். இடையில் ஆர்டர் வந்து, பெங்களூரில் சேரச் சொன்ன தேதியும் அதற்குள் கடந்துவிட்டது.

“போனாப் போவுதுண்ணா” என்றாள் வினிதா, ஏழு கிலோ இளைத்த உடம்போடு. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மாத்திரை கொடுக்கும் அறையில் நர்ஸ் மேகலா அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: “தினம் மறக்காம மாத்திரை போடுறாங்களான்னு பாத்துக்க வீட்ல பொறுப்பான ஆளு யாருங்க?”

அறையில் இருந்தது அவர்கள் மூவர்தான். பெரியதம்பியின் கை தோள் மட்டம் வரை எழுந்தது. அதற்கு மேல் தூக்காமல், தங்கையின் முகத்தைப் பார்த்தார்.