ஏலக்கடைச் சுவரில் கிடைத்த ஆதாரம்

எங்கள் பிரதேசக் கலைக்களஞ்சியத்தில் யாரைச் சேர்ப்பது என்ற விதியை எழுதியவன் நான். குடும்பத்தில் முதலில் படித்தவன். பேனையை என்னிடம் தந்திருந்தார்கள். விதி சின்னது. ஆளின் வேலை மற்றவர்களின் வாழ்க்கையைத் தொட்டிருக்க வேண்டும். அதை அவருக்கு வேண்டாத ஒருவராவது அச்சில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பட்டம், பதவி போதாது.

பொருளியல் பேராசிரியை ஒருவரின் பெயரை நான் வாசித்ததும் குழுத் தலைவர் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். கற்பிட்டியில் மீன் ஏலம் நடத்துகிற முதலாளி. என் வாப்பா மீன் போடுவதும் அவரிடம்தான்.

"அவ எங்கட ஊரா? மன்னாரில இருந்து வந்த அகதி."

"கைக்குழந்தையா வந்தவ, ஹாஜியார். இங்க முகாமில இருந்துதான் படிச்சவ."

"கட்டுரை எழுதினாப் பெரிய ஆளா? அப்ப நீயும் பெரிய ஆள்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். என் கோப்பைப் புரட்டினேன். கட்டுரைகள் அவவே எழுதியவை. பல்கலைக்கழகம் போட்ட அறிமுகமும் சொந்த இடத்துப் புகழ்ச்சி. என் விதிக்கு இரண்டும் செல்லாது. பெயரை வெட்டத்தான் பேனையை எடுத்தேன்.

ஹாஜியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "மீனில தண்ணி இருக்கெண்டு பெட்டிக்கு ரெண்டு கிலோ கழிவு பிடிச்சு வந்தம். அது களவெண்டு இவ எழுதின புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மீனவர் சங்கத்து ஆக்கள் வந்து நிப்பாட்டினாங்க. நான் சும்மா விட்டனா? பேப்பருக்கு எழுதினன். லேமினேட் பண்ணிக் கடையில தொங்குது, போய்ப் பார்!"

போய்ப் பார்த்தேன். தராசுக்கு மேலே தொங்கியது. அவவின் பெயர், புத்தகம், நின்றுபோன கழிவு, எல்லாம் வசவோடு அச்சில் இருந்தன. படம் பிடித்து, அவவைப் பற்றிய பக்கத்தை எழுதி, முதல் ஆதாரமாக அந்தக் கடிதத்தையே போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் ஹாஜியார் வாசித்து முடிக்க நேரம் எடுத்தார்.

"என்னையே சாட்சிக்கு இழுக்கிறியா, மகன்?"

"உங்களை விட நம்பக்கூடிய சாட்சி ஆரு, ஹாஜியார்? நீங்க அவவைப் புகழ மாட்டீங்க."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் போனது. அவர் சிரிக்கவில்லை.

"உன்ட வாப்பா இன்னும் என்ட ஏலத்திலதான் மீன் போடுறார். ஞாபகம் வெச்சுக்கொள்."

"ஓம். இப்ப கழிவில்லாமப் போடுறார்."

அச்சுக்குப் போகிற தாள்கட்டின் மேலே அவவின் பக்கத்தை வைத்தேன். எடுக்கிறவர் என் முன்னால் எடுக்கட்டும் என்று நின்றேன். ஒருவரும் கை வைக்கவில்லை.