பச்சைத் திரை போட்ட கார்

சென்ற வெள்ளிக்கிழமை காலை மீன்கூடையை வாசலில் இறக்கிய ஞானம்மா, அன்று என்ன மீன் என்று சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "கச்சேரி ரோட்டு அம்மா பூட்டாங்கம்மா. விடிகாலையிலியே." தெருவில் பால்காரரின் மணி போய்க்கொண்டே இருந்தது.

நம் பத்திரிகையை வாசிக்கிற உங்களுக்கு அவளைத் தெரியும். படங்களுக்குக் கீழே 'ஜை.' என்று சிறிய எழுத்தில் இருக்குமே, அதுதான் ஜைனப். யாரோ ஒரு ஆண்பிள்ளை என்று எண்ணிப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. இரண்டு மழைக்காலமாக அவளை வாட்டிய நெஞ்சு நோய் கடைசியில் அவளைக் கொண்டுபோய்விட்டது. 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

முதலில் பத்திரிகைக்குப் படங்கள்தான் வந்தன, தோல் வியாபாரியான அவள் அத்தாவின் குமாஸ்தா மூலமாக. சாந்தோம் கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள், லஸ் முனையில் மழைக்கு ஒதுங்கிய பூக்காரிகள். ஒருவர்கூடப் படம் எடுக்கப்படுவதை அறிந்தவர்களாக இல்லை. எப்படி எடுக்கிறார் இந்த மனிதர் என்று கேட்கத்தான் நான் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். என் வயதுப் பெண் ஒருத்தி வந்து தேநீர் கொடுத்துவிட்டு, "கார்ல ஒக்காந்துதான்" என்றாள்.

அவள் கோஷாப் பெண், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வெளியே போவதென்றால் ஜன்னல்களில் பச்சைத் திரை தொங்கும் காரில்தான். அந்தத் திரையின் நடுவே கையகலம் ஓர் இடைவெளி வைத்துத் தைத்திருந்தாள். அதைப் பற்றி நான் ஏதோ பரிதாபமாகச் சொல்லப்போக, "உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம், நடுவுல ஒரு ஓட்டை. கேமராவும் அப்படித்தானே சரசு?" என்று கேட்டாள். அன்றே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

யுத்தம் வந்தது. அவர்கள் வீட்டு டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது தியாகராய நகரில் அந்நாளில் ஒரு சிறு வம்பு. அந்த வம்பு அவள் அத்தாவின் காதுக்கும் எட்டி, வாரத்தில் ஒரு நாள் நான் ஓட்ட, பின்னால் அவள் உட்கார என்று ஏற்பாடாயிற்று. பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் முதுகில் கரி எரிக்கும் கொப்பரை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதன் புகையை இழுத்துக்கொண்டு கார் ஜுரம் வந்தவனைப் போல நடுங்கியபடி ஓடும். அதற்குள் இருந்து தெளிவான படம் எடுப்பதென்றால் விளையாட்டில்லை.

முழங்கையைக் கதவில் ஊன்றிக்கொள்ளக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். கதவின் நடுக்கமெல்லாம் அப்படியே கேமராவுக்கு ஏறிவிடும் என்றாள். முதுகைக்கூட இருக்கையில் சாய்க்க மாட்டாள். விலாவோடு முழங்கைகளை ஒட்டிக்கொண்டு, கேமராவின் கழுத்து வாரை இறுக இழுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொள்வாள். உடம்பு மெத்தையைப் போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுமாம். வண்டி நின்றுவிட்டால் மட்டும் ஜன்னல் விளிம்பில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை வைத்து அதன்மேல் கேமராவை உட்கார்த்துவாள். "நீ எஞ்சினை அணைச்சிட்டா உலகமே நின்னுடும்" என்பாள்.

அப்படி உலகம் நின்ற கோடை ஒன்று உண்டு. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று ஊரே காலியானபோது நாங்கள் இருவரும் போகவில்லை. மாடவீதிகளில் பூட்டிய கதவுகள், தெப்பக்குளத்துப் படியில் ஒரே ஒரு ஆடு. பனகல் பூங்காவைச் சுற்றி வந்தோம், எங்கள் கார் சத்தம் எங்களுக்கே திரும்பிக் கேட்டது. யாரும் இல்லாத தெருவில் திரை எதற்கு என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள். வெயில் அந்தத் துணியில் வடிகட்டி இறங்க, பின் இருக்கை குளத்தின் அடி போலப் பச்சையாக இருந்தது. அதற்குள் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்ததை இப்போதும் சில மத்தியானங்களில் காண்கிறேன்.

அந்த வருஷத்துக் கடைசியில்தான் ஞானம்மா எங்களிடம் வந்தாள். அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்துக்காரி. அவள் ஒரே மகன் அருளப்பன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். முகாமுக்குள் யாரையும் விடவில்லை. மறுநாள் காலை ரயிலடிக்கு லாரிகள் அடையாறு பாலத்தின் மேல் போகும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"அவன் மொகம் ஒண்ணு வோணும்மா. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். "அவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான். நீதான் ஆடாம புடிக்கணும்."

பட்டாளத்து வண்டிகளைப் படம் எடுத்தால் போலீஸ் பிடிக்கும் காலம் அது. ஃபிலிமோ கிடைப்பதே குதிரைக்கொம்பு, கேமராவில் கடைசியாக ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. ஜைனப் யோசித்ததாகவே தெரியவில்லை. காலையில் கரியைச் சீக்கிரம் மூட்டச் சொல்லி அனுப்பினாள்.

ஞானம்மா என் பக்கத்தில், ஜைனப் பின்னால் இடதுபுறம். மகன் நின்ற லாரியை ஞானம்மா காட்டினாள்; அது பாலத்தில் ஏறியதும் நான் அதன் வலப்பக்கமாக ஒட்டி வந்தேன். பின்தட்டில் இருபது முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். பாலம் இறங்குகிற சரிவு வந்தபோது, "அணை" என்றாள் ஜைனப். எஞ்சினை நிறுத்தினேன். நடுக்கம் போய்விட்டது. காற்றில் மிதப்பதைப் போல வண்டி தானே இறங்கிற்று. ஞானம்மா ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்டி, "அருளு" என்று கூப்பிட்டாள். உரக்கக்கூட இல்லை. அவன் திரும்பினான்.

அப்போது பின்னால் வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஜைனப் திரையை முழுவதுமாக விலக்கிவிட்டாள். ஓடுகிற முகத்தைப் பிடிக்க அந்த முகத்தின் வேகத்துக்கே இடுப்பைத் திருப்ப வேண்டும். கையகல இடைவெளியில் அது முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். தலைத்துணி காற்றில் நழுவ, நட்ட நடுச் சாலையில், அத்தனை ஆண்களுக்கும் எதிரே, கேமராவோடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். பிறகு லாரி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

யாரோ பார்த்து அவள் அத்தாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பேசாமல் இருந்துவிட்டார். அதுதான் கொடுமையாக இருந்தது. கார் பல நாட்கள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் அந்தப் படத்தைக் கொண்டுவா என்றாராம். பாலம், லாரி, மற்ற ஆட்கள் எல்லாம் மழைக்கோடுகளாக ஓடியிருக்க, நடுவில் அருளப்பனின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. தாயைக் கண்டுவிட்ட முகம், வாய் லேசாகத் திறந்திருந்தது. வெகுநேரம் பார்த்தாராம். "ஆடவே இல்லையேம்மா" என்றாராம். அடுத்த வாரம் நான் போனபோது கொப்பரையில் கரி எரிந்துகொண்டிருந்தது. எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வருஷம் ஞானம்மா அந்தப் படத்தோடுதான் பேசினாள். இடையில் வெகுகாலம் அவனிடமிருந்து தகவலே இல்லை. யுத்தம் முடிந்து, இளைத்துக் கறுத்து, உயிரோடு வந்து சேர்ந்தான். வந்ததும் கச்சேரி ரோட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று, அன்று பாலத்தில் அம்மாவுக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது, அது மாதாவோ என்று பர்மாக் காட்டில் பல நாள் யோசித்ததாகச் சொன்னான். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் ஜைனப் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். "மூச்சை அடக்கிட்டிருந்தேன்பா. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

இந்தக் கட்டுரையோடு போட அவளுடைய படம் ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். வீட்டாரிடம் ஒன்றும் இல்லை. அவள் யாருக்கும் முகம் காட்டி நின்றதில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. திருவான்மியூர் போகும் வழியில் நான் கிளச்சைத் தவறாக விட்டு வண்டி குதித்தபோது, அவள் விரல் தானாக அழுத்திவிட்ட படம். என் பின்னங்கழுத்து, அதற்கு மேலே டிரைவர் கண்ணாடி, அதில் அவள். கழுவிப் பார்த்துவிட்டு, "நீ வச்சுக்கோ சரசு, யாருக்கும் காட்டாதே" என்று கொடுத்தாள்.

ஆசிரியரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். முழுக்க ஆடிப்போன படம் அது. கண்ணாடிச் சட்டமும் என் தலையும் கலங்கிக் கிடக்கின்றன. அவள் சிரிப்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.