கம்பளி போர்த்திய தொட்டி

காத்தாயி செம்பில் தண்ணீர் மொண்டு, கையை முடிந்த மட்டும் உயர்த்தி, தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றினாள். மறுபடி மொண்டாள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஏன் காத்தாயி, மீனுக்கு டீ ஆத்துறியா?" அடுத்த லயத்து வீட்டு வீரம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. மூச்சு முட்டுதுக. தண்ணிய ஆத்துனா வாயு போயிரும்னு வாசுகி சொல்லியிருக்கா."

வீரம்மா சிரிப்பதை நிறுத்தினாள். "நாளைக்குல்ல வருது புள்ள?"

"நாளைக்குத்தான்."

தொட்டி மகளுடையது. வாசுகி பெர்ன்ஹில்லில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் வேலை பார்த்தாள். தேயிலை விலை விழுந்த பிறகு மீன் வாங்க யாரும் வரவில்லை. கடையை மூடியவர் மீனும் நீர்ச்செடியுமாக ஒரு தொட்டியை அவளிடம் கொடுத்தார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும்போது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் நுரைக்கும். அதில் வரும் வாயு குழாய் வழியே தண்ணீருக்குள் போகும். செடிக்கு அதுதான் தீனி. இருட்டினால் செடி தின்னாது. அப்போது குழாயை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மீனுக்கு ஆகாது.

"இதுக உசுரோட இருந்தா நானும் வந்துட்டுப் போவேன்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்த நாள்முதல் காத்தாயி மஞ்சூர்ப் பக்கம் கொழுந்து எடுக்கிறாள். இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. முந்தின நாள் வானம் வெளுத்திருந்தது. உறைபனி விழும் என்று எஸ்டேட்டில் சொன்னார்கள். பொழுது சாயும்வரை இளங்கன்றுகளைப் பெரணித் தழையால் மூடிவிட்டு வந்தாள். வீட்டில் பாட்டில் குளிர்ந்து, குமிழியே இல்லாமல் கிடந்தது. செடி பட்டினி கிடக்கிறதே என்று அதை அடுப்போரம் நகர்த்தினாள். தொட்டிக்குத் தன் கம்பளியைப் போர்த்தினாள். பனி என்றால் மூட வேண்டும். அவள் கைக்கு அதுதான் பழக்கம். குழாயை எடுக்க மறந்துபோனாள். சூட்டில் பாட்டில் விடியும்வரை நுரைத்துக்கொண்டிருந்தது. வாயு வெளியேற வழியில்லை.

"போதும் விடு, செம்பக் கீழ வையி" என்றாள் வீரம்மா.

"அந்த ஒண்ணு அசையுதுக்கா."

ஊற்றிய தண்ணீரில்தான் அது அசைந்தது.

மறுநாள் மதிய பஸ்ஸில் வாசுகி வந்தாள். செடிகள் நன்றாக இருந்தன. "பரவால்லம்மா" என்றாள். சோறு சாப்பிட்டாள். செடிகளைப் பிடுங்கி வாளியில் போட்டாள். தொட்டியைக் கழுவிச் சுவரோரம் கவிழ்த்தாள். கம்பளியைக் கொடியில் காயப்போட்டாள். பொங்கல் லீவு இன்னும் மிச்சமிருந்தது. சாயங்கால பஸ்ஸில் திருப்பூருக்குப் போனாள்.