குற்றாலமே, அசையாதே!

மெயின் அருவிக்கு எதிரே, சிப்ஸ் கடை ஓரமாக, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வெளியே ஒரு குரல்.

"யாரோ பொம்பளப்பிள்ள அழுதா போல. என்னன்னு கேளுட்டி."

தலையை வெளியே எடுத்தேன். "அழலைக்கா. ஃபோட்டோ எடுக்கேன்."

"இதுக்குள்ளயா?"

விஷயம் இதுதான். 'சீசன் நேரத்தில், பட்டப்பகலில், ஒரு ஆள்கூட இல்லாமல் குற்றால அருவியைப் படம் எடுத்துக் காட்டுகிறேன்' என்று இந்தப் பக்கத்தில் சவால் விட்டிருந்தேன் அல்லவா? 'முடிந்தால் செய்யுங்கள்' என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முடியாது என்று யாராவது சொன்னால் அதைச் செய்து பார்த்தே பழக்கம்.

வழியும் இருந்தது. என்னிடம் இருப்பது பெரிய ஃபிலிம் கேமரா. ஆர்மோனியப் பெட்டிக்கு மூன்று கால் முளைத்த மாதிரி இருக்கும். ரோல் கிடையாது, உள்ளங்கை அகலத்துக்கு ஃபிலிம் தாள். ஒரு தாளுக்கு ஒரு படம். லென்ஸ் மேல் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டு, ஷட்டரை அரை நிமிஷம் திறந்து வைத்தால் போதும். பாறை அசையாது — ஃபிலிமில் விழும். ஆட்கள் குளிக்கிறேன் பேர்வழி என்று முண்டியடித்துக்கொண்டே இருப்பார்கள் — கரைந்து போவார்கள். அருவி புகை மாதிரி இறங்கும்.

போனில் தட்டினால் நூறு படம் வருமே, இந்தச் சுமை எதற்கு? எல்லோரும் கேட்பதுதான். நூறு படம் எடுக்கும்போது நான் எதையுமே பார்ப்பதில்லை. ஒரே தாள் என்றால்... பாறை இடுக்கில் இருக்கிற பாசிகூடக் கண்ணில் படுகிறது. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிகிறது. அப்படி நின்று பார்ப்பதற்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் சுமக்கலாம்.

அன்றைக்கு நிஜமாகவே ஒரே தாள்தான். மற்றதெல்லாம் அம்மாவின் கைங்கர்யம். பார்சலில் வந்த ஃபிலிம் பெட்டியை வாசல் வெயிலில் வைத்துப் பிரித்துவிட்டாள். "உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமாட்டி? வெறும் தாளைக் குடுத்து ஏமாத்திருக்கான் பாரு!" வெளிச்சம் பட்ட ஃபிலிம் குப்பைக்குத்தான். ஹோல்டர் என்கிற மூடிய சட்டத்துக்குள் முன்பே போட்டு வைத்திருந்த ஒன்று மட்டும் தப்பித்தது.

இருக்கிற அந்த ஒன்றை வைத்துத்தான் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். சாரல் வேறு விட்டு விட்டுத் தூறுகிறது.

அந்த அக்காவுக்குச் சந்தேகம் தீரவில்லை. துணிக்குள் தலையை விட்டார். இந்தக் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"ஏட்டி செல்வி, இங்கன வா! தண்ணி மேல போவுதுட்டி!"

செல்வி பார்த்தாள். செல்வியின் வீட்டுக்காரர், மேலெல்லாம் எண்ணெயோடு வந்து பார்த்தார். குற்றாலத்தில் நாலு பேர் வரிசையாக நின்றால் ஐந்தாவது ஆள் எதற்கு என்று கேட்க மாட்டார் — பின்னால் போய் நின்றுவிடுவார். நின்றார்கள். விசிலோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். கூட்டத்தைக் கலைப்பார் என்று நம்பினேன். "லேடீஸ் இந்தப் பக்கம், ஜென்ட்ஸ் அந்தப் பக்கம்!" என்று இரண்டு வரிசையாக்கினார்.

நான் முன்னால் போகப் பார்த்தேன்.

"ஏம்மா, எல்லாரும் வரிசையிலதான நிக்காங்க?"

"சார், அது என் கேமரா."

"இருக்கட்டும்மா. வரிசைன்னா வரிசைதான்."

என் கேமராவைப் பார்க்க, லேடீஸ் வரிசையில் கடைசி ஆளாக நான். முன்னால் நின்ற அம்மாள் திரும்பிக் கிசுகிசுத்தார்: "தண்ணி பூரா மேல போயிட்டா, சீசன் முடிஞ்சிருமோ?"

நானும் ஒரு தடவை அருவியை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஒருவழியாக வரிசை தீர்ந்தது. கடைசியில் போலீஸ்காரரும் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது ஆளே மாறியிருந்தார். "சொல்லும்மா, நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். குளிக்கிறவங்க அவங்கபாட்டுக்குக் குளிக்கட்டும். அசையுறவங்க படத்துல விழ மாட்டாங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தூறல் நின்றது. ஆண்கள் குளிக்கிற பக்கத்தை மட்டும் ஃபிரேமில் வைத்து, ஹோல்டரைச் செருகி, ஷட்டரைத் திறந்தேன். அதே நொடியில் விசில்.

"ஏலே, எல்லாரும் அப்படியே நில்லுங்கலே! அசைஞ்சா படத்துல விழ மாட்டீங்க! ஏய் சோப்பு... கையை இறக்காத!"

"சார்! வேண்டாம் சார்!"

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காங்க... விழாமப் போனா பாவம்லா?" என்று கத்திக்கொண்டே அருவிப் பக்கம் ஓடினார்.

பாதியில் மூடினால் தாள் வீண். மூடாவிட்டால் மானம் போகும். நான் யோசிப்பதற்குள் மெயின் அருவி உறைந்து போயிருந்தது. கொட்டுகிற தண்ணீரில் கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சை அடக்கி, தொப்பையை உள்ளே இழுத்து... பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோ போல அத்தனை பேர். சீசனில் யாரும் யாரையும் இடிக்காத அரை நிமிஷம் அதுவாகத்தான் இருக்கும்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தேன். தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மீசை தெரிகிறது, சோப்பு நுரை தெரிகிறது, ஒருவர் துண்டின் கட்டம்கூடத் தெரிகிறது. காணாமல் போனது தண்ணீர்தான். இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்!

போலீஸ்காரருக்கு ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரல் வைத்துத் தேடினார்.

"நான் எங்கம்மா?"

"நீங்க அங்கனயும் இங்கனயும் ஓடிக்கிட்டே இருந்தீங்கல்லா சார்... விழல."

படத்தை ஒரு தடவை திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"நாளைக்குக் கேமராவத் தூக்கிட்டு வாம்மா. நான் அசையாம நிக்கேன். விசிலை நீ அடி."